இருபத்துநாலாம் தேதி விருந்து

மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

பாதியில் மடித்து வைத்துவிடாதே, கடைசி வரை படி. போன் செய்தால் நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் "டூட்டியில இருக்கேன், அப்புறம் பேசறேன்" என்பாய். அந்த அப்புறம் நாலு வருஷமாக வரவே இல்லை. அதனால்தான் கடிதம். இதன் வாயை உன்னால் அடைக்க முடியாது பார்!

எனக்குக் கால் தரையில் படவில்லை அக்கா. எங்கள் இளைஞர் மன்றம் இருபத்துநாலாம் தேதி, சனிக்கிழமை சாயங்காலம், நம் பகுதியில் இருக்கும் முன்னாள் படைவீரர்களுக்கெல்லாம் விருந்து வைக்கிறது. மேடை, பொன்னாடை, அந்த வம்பெல்லாம் கிடையாது. நீள நீள மேஜைகள் போட்டு, தெருக்காரர்கள் எல்லாரும் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும். செயலாளர் யார் தெரியுமா? நான்தான். சிரிக்காதே. "யார் பொறுப்பு எடுத்துக்கறீங்க?" என்று கூட்டத்தில் கேட்டபோது அத்தனை பேரும் விட்டத்தைப் பார்த்தார்கள். நான் மட்டும் "எதுக்கு?" என்று வாயைத் திறந்தேன். அவ்வளவுதான்.

அச்சகத்தில் வேலை முடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீடு வீடாக அலைகிறேன். முதலில் போனது லாரி டிரைவர் வீட்டுக்கு. படையில் பதினெட்டு வருஷம் இருந்தவர். "நான் துப்பாக்கியே சுட்டதில்லம்மா, வண்டிதான் ஓட்டினேன். என்னை எதுக்குக் கூப்பிடற? நிஜமா சண்டை போட்டவங்களைக் கூப்பிடு" என்று கதவைச் சாத்தப் பார்த்தார். அடுத்தது படையில் சமையல்காரராக இருந்தவர். விருந்து என்றதும், "மெனு என்ன? யார் சமைக்கிறது? நான் வந்து நின்னு பாக்கணும்" என்று எழுந்தே விட்டார். உள்ளேயிருந்து அவர் மனைவி, "வீட்ல ஒரு டம்ளர் தண்ணி மொண்டு குடிச்சதில்ல, ஊருக்குச் சமைக்கக் கெளம்பிட்டாரு!" என்றாரே பார்க்கலாம். மூலை வீட்டு கேப்டன் சொன்னது ஒரே வரி. "ஆறு மணின்னா ஆறு மணி. ஆறு அஞ்சுக்கு நான் வீட்ல இருப்பேன்."

இப்படிப் பதினோரு பேர் சேர்ந்துவிட்டார்கள். பன்னிரண்டாவது ஆள் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. படை மருத்துவமனையில் ஒன்பது வருஷம் நர்ஸாக இருந்தவள் இந்தப் பகுதியிலேயே ஒருத்திதான்.

வருவாயா? அதற்கு உடனே பதில் சொல்ல வேண்டாம். இதற்கு மட்டும் சொல். படையில் இருந்தவர்களிடம் என்ன கேட்கக் கூடாது, என்ன செய்யக் கூடாது? எங்களில் யாருக்கும் ஒன்றும் தெரியாது. தப்பாக ஏதாவது செய்துவிடுவோமோ என்று பயமாக இருக்கிறது.

உன் வாயாடித் தங்கை


மார்ச் 7

வாயாடிக்கு,

கடிதம் வந்தது. இந்த ஊர் ஆஸ்பத்திரியில், ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நின்றுகொண்டு படித்தேன். கையெழுத்து இன்னும் திருந்தவில்லை.

கேட்டாய், சொல்கிறேன். எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்று ஒருவரும் கேட்கக் கூடாது. சின்னப் பிள்ளைகள்தான் கேட்பார்கள், அவர்களிடம் முதலிலேயே சொல்லி வை. பலூன் கட்டாதே, ஒன்று வெடித்தால் போதும். வாசலுக்கு முதுகு காட்டி யாரையும் உட்கார வைக்காதே. ஏன் என்று அவர்களுக்கே தெரியாது, ஆனால் சாப்பாடு இறங்காது. காது கேளாதவர் ஒருவராவது இருப்பார். அவரைப் பெட்டி ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் வைத்தால் நன்றாகக் கேட்கும் என்று நினைக்காதே. அது கொடுமை. பேச்சைக் குறை, சாப்பாட்டை நேரத்துக்குப் போடு. பசியோடு காத்திருந்து காத்திருந்து அலுத்தவர்கள் அவர்கள்.

டிரைவரிடம் போய்ச் சொல். அவர் ஓட்டிய லாரியில்தான் எங்களுக்கு மருந்து வந்தது. லாரி வராத நாளில் என்ன நடக்கும் என்று நான் பார்த்திருக்கிறேன்.

என் பெயரைச் சேர்க்காதே. ஏன் என்று கேட்காதே. நாலு வருஷமாக வரவில்லை என்று என்னைக் குத்துகிறாய். இந்த நாலு வருஷத்தில் நீயும்தான் ஒரு எட்டு வந்து பார்க்கவில்லை. பஸ் இரண்டு பக்கமும்தான் ஓடுகிறது.

அம்மாவின் கண் எப்படி இருக்கிறது? சொட்டு மருந்தை விடாமல் போடச் சொல்.

அக்கா


மார்ச் 11

அன்புள்ள அக்கா,

நீ எழுதியதை டிரைவரிடம் படித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றித் துடைத்தார். "எத்தனை மணிக்கு வரணும்?" என்றார். வருகிறார்!

இந்த வாரம் நடந்த கூத்தைக் கேள். விருந்துக்குப் பேசி வைத்திருந்த சமூகக் கூடத்தின் கூரை மழையில் ஒழுகி, ஒரு பக்கப் பலகை பெயர்ந்து தொங்குகிறது. "இங்க ஆளைக் கூட்டினா நான் பொறுப்பில்ல" என்று காவலாளி சாவியைக் கொடுக்க மாட்டேன் என்றுவிட்டார். எங்களுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்போதுதான் எங்கள் மன்றத்தில் இருக்கும் மெக்கானிக் பெண், "எங்க டிப்போல பஸ் ரிப்பேர் ஷெட் சனிக்கிழமை காலியாத்தான் இருக்கும்" என்றாள். போய்ப் பார்த்தால், அடேயப்பா! பத்து பஸ் நிற்கிற இடம். தரையெல்லாம் கிரீஸ். மரத்தூளைக் கொட்டி இரண்டு நாளாக மன்றத்தில் இருக்கும் பதினேழு பேரும் தேய்க்கிறோம். என் நகத்தைப் பார்த்தால் என்னையே பஸ்ஸுக்கு அடியிலிருந்து இழுத்தெடுத்தது போலிருக்கிறது. மறுநாள், இருபத்தைந்தாம் தேதி காலையில், அச்சகத்தில் வாங்கப் போகும் புது மெஷினுக்காக இரண்டு வாரப் பயிற்சிக்கு நான் வெளியூர் போக வேண்டும். இந்த நகத்தோடுதான் போகப் போகிறேன்.

இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். திட்டுவதென்றால் இரண்டையும் சேர்த்தே திட்டிவிடு.

ஒன்று, உன் கடிதம் வருவதற்கு முன்பே அழைப்பிதழ் அச்சாகிவிட்டது. எழுத்தை நானே கோர்த்தேன், மெஷினை நானே ஓட்டினேன். பன்னிரண்டாவது பெயர் உன்னுடையது. தெரு முழுக்கக் கொடுத்தாயிற்று.

இரண்டு, அம்மா பேசப் போகிறாள்! குடும்பத்தார் சார்பில் யாராவது இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று கேப்டன் சொன்னார். அம்மா உடனே, "நான் பேசறேன்" என்று கையைத் தூக்கிவிட்டாள். சமையல்கட்டில் ஒத்திகை நடக்கிறது. நேற்றுக் கேட்டேன். "என் பொண்ணு ஒன்பது வருஷம் ஒழைச்சா. அவ அப்பா சாகக் கெடந்தப்ப, ஒரு வாரம் லீவு குடுக்க உங்களுக்கு மனசு வரல. இதுதான் நியாயமா?" என்று குக்கரைப் பார்த்துக் கேட்கிறாள். குக்கரும் சரியாக அந்த நேரத்தில் விசில் அடிக்கிறது. "கேப்டன் மூஞ்சிக்கு நேரா கேக்கறேன் பாரு" என்கிறாள். கொஞ்சம் மெதுவாகப் பேசச் சொன்னால் என்னைக் கரண்டியால் அடிக்க வருகிறாள். உனக்காகத்தான் இவ்வளவு ஆவேசம். நீ வந்து அதைப் பார்க்க வேண்டாமா?

உன் தங்கை


மார்ச் 14

தங்கைக்கு,

திட்டப் போவதில்லை. அம்மாவைப் பேச விடாதே என்று எழுத உட்கார்ந்தேன். அது போதாது என்று தோன்றிவிட்டது.

அப்பா கவலைக்கிடம் என்று செய்தி வந்தது ஒரு காலை பத்து மணிக்கு. அதற்கு மூன்று நாள் முன்னால் மலைப் பாதையில் மண் சரிந்து நாலு லாரிகளை மூடியிருந்தது. முப்பத்தொரு பேரைத் தோண்டி எடுத்து எங்களிடம் கொண்டுவந்திருந்தார்கள். வார்டில் நர்ஸ் என்று இருந்தது இரண்டே பேர். இன்னொருத்திக்கு அன்றைக்குக் கடும் காய்ச்சல், எழுந்திருக்க முடியவில்லை. பெரிய டாக்டர் என் லீவுத் தாளைப் பார்த்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை, கையெழுத்துப் போட்டார். "ஜீப் நிக்குது, கெளம்பும்மா. நாங்க பாத்துக்கறோம்" என்றார்.

லீவு கொடுத்தார்கள். புரிகிறதா? கொடுத்தார்கள்.

பையை மடியில் வைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறி உட்கார்ந்தேன். டிரைவர் வண்டியைக் கிளப்பினார். வார்டு ஜன்னலில் யாரோ தண்ணீர் கேட்கிற சத்தம் வந்தது. கொடுக்க உள்ளே ஆள் இல்லை என்பது எனக்குத் தெரியும். நான் இறங்கிவிட்டேன். தண்ணீர் கொடுத்துவிட்டு வந்து ஏறலாம் என்றுதான் இறங்கினேன். ஏறவில்லை. மறுநாளும் பாதை திறந்துதான் இருந்தது. அதற்கு அடுத்த நாள் அப்பா போய்விட்டார்.

"லீவு கிடைக்கவில்லை" என்று நான்தான் வீட்டுக்குச் செய்தி அனுப்பினேன். பதினாறு நாள் கழித்து வந்தபோது அம்மா என்னைக் கட்டிக்கொண்டு, "உன் மேல தப்பில்லடி, அந்தப் பாவிங்க விடல" என்று அழுதாள். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு பேசாமல் நின்றேன். அதற்குப் பிறகு எப்போது வந்தாலும், பக்கத்து வீட்டில், கடையில், பஸ்ஸில், பார்க்கிறவர்களிடமெல்லாம் அதையே சொன்னாள். கேட்கக் கேட்க எனக்கு நெஞ்சில் முள் ஏறியது. அதனால்தான் வருவதை நிறுத்தினேன். உங்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

நல்ல மனிதர் அந்த டாக்டர். அவரையும் கேப்டனையும் சேர்த்து நாலு பேர் முன்னால் அம்மா பாவிகளாக்கக் கூடாது. இந்தக் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டு. நேரில் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை. இந்த வரியையும் விடாமல் படி.

அக்கா


மார்ச் 18

அக்கா,

முதலில் என் பங்கைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அப்போது பதினேழு வயது. அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். இரண்டு தடவை உன் பெயரைச் சொல்லி, "வந்துட்டாளா?" என்று கேட்டார். "வந்துக்கிட்டே இருக்காப்பா" என்றேன். உனக்கு வலிக்க வேண்டும் என்று இதை எழுதவில்லை. இல்லை, பொய் எதற்கு? வலிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். எழுதியாயிற்று. இனி இதைப் பற்றிப் பேச மாட்டேன்.

வியாழக்கிழமை மத்தியானம் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். ஒரு வரிகூட விடவில்லை. கேட்டு முடித்து எழுந்தாள். பக்கத்து வீட்டில் போய் ஏணி வாங்கி வந்து, வீட்டில் இருக்கிற மூன்று மின்விசிறியையும் துடைத்தாள். இறக்கை இறக்கையாக. கண்ணில் மருந்து போட்டுக்கொண்டு ஏணி ஏறாதே என்று கத்தினேன். காதிலேயே வாங்கவில்லை. இரண்டு நாளும் தட்டை வைப்பாள், போவாள். பேச்சு எழுதி வைத்திருந்த தாளை மடித்து அரிசி டப்பாவுக்குள் போட்டுவிட்டாள்.

இன்றைக்குக் காலையில் நான் செருப்பை மாட்டிக்கொண்டிருக்கிறேன். பின்னாலிருந்து குரல். "அந்த முப்பத்தொரு பேர்ல எத்தனை பேரு பொழைச்சாங்க? கேட்டு எழுது."

திரும்பிப் பார்த்தேன். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "அப்புறம், அவ வராளா இல்லையா? எத்தனை தட்டுன்னு தெரிய வேணாமா?" என்றாள்.

"அப்ப நீ பேசப் போறதில்லையாம்மா?" என்றேன்.

"பேசறேன்னு சொன்னா பேசறதுதான்."

என்ன பேசப் போகிறாள் என்று கடவுளுக்குத்தான் தெரியும். இருநூற்று நாற்பது பேர் வருகிறார்கள். சமையல்காரர் தினமும் வந்து அண்டாவைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார். ஷெட்டின் தரையில் முகம் தெரிகிறது! பஸ் முகப்பு விளக்குகளைக் கழற்றித் தூண் தூணாகக் கட்டி, மெக்கானிக் பெண் நேற்று எரிய வைத்துக் காட்டினாள். பகல் போல இருந்தது. நாங்கள் எல்லாரும் "ஓ" என்று கத்தினோம். கோபம் பாதி, குதூகலம் பாதியாகக் கிடந்து தவிக்கிறேன். சீக்கிரம் பதில் போடு.

தங்கை


மார்ச் 20

இருபத்தொன்பது பேர் பிழைத்தார்கள். மற்ற இரண்டு பேரும் அப்பா போன அதே வாரத்தில் போனார்கள். இரண்டு பேர் பக்கத்திலும் நான் இருந்தேன். அம்மாவிடம் இதையும் சொல்.

அப்பா கேட்டதை எழுதியதற்கு உன்மேல் கோபமில்லை. யாராவது சொல்ல மாட்டார்களா என்று ஐந்து வருஷமாக இருந்தேன்.

சனிக்கிழமை மூன்று மணி பஸ்ஸில் ஏறுகிறேன். ஒரு தட்டு கூட வை.

அக்கா


மார்ச் 27
வீட்டிலிருந்து

அன்பு வாயாடிக்கு,

பயிற்சி எப்படிப் போகிறது? புது மெஷினிடமும் வாய் கொடுத்துக்கொண்டிருப்பாய். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் விடியாததுமாக நீ பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டாய். சனிக்கிழமை நானும் உன்னோடு ஐந்து நிமிஷம் சேர்ந்தாற்போல் நிற்கவில்லை. வந்து இறங்கியதும் கையில் கரண்டியோடு ஓடிவந்து கட்டிப்பிடித்தாய். என் சட்டை முழுக்க சூப். அதோடு அடுப்படிக்குப் போனவள்தான். அதனால், மேஜையில் என்ன நடந்தது என்று உனக்கு ஆளுக்கொரு விதமாகச் சொல்லியிருப்பார்கள். நான் முழுசாகச் சொல்கிறேன்.

அம்மா எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். என்னைப் பார்க்கவில்லை. ரொட்டித் தட்டை மட்டும் என் பக்கம் நகர்த்தினாள். எதிரில் லாரி டிரைவரும் அவர் மகளும். அவர்களுக்கு அந்தப் பக்கம் சமையல்காரரும் மனைவியும். கேப்டன் ஆறு மணி அடித்ததும் எழுந்து ஒவ்வொரு பெயராகப் படித்தார். படிக்கப் படிக்க எழுந்து நின்றார்கள். ஷெட்டே கைதட்டியது. தகரக் கூரையில் அந்தச் சத்தம் அடைமழை மாதிரி இருந்தது. கடைசியில் என் பெயர். என்னால் எழுந்திருக்க முடியவில்லை. அம்மா முழங்கையால் விலாவில் ஒரு இடி இடித்தாள். "எழுந்திருடி. எல்லாரும் பாக்கறாங்க."

நின்றேன். நான் உட்காருவதற்குள் அவள் எழுந்துவிட்டாள். மைக் கொடுக்க வந்த பையனைக் கையால் விலக்கினாள். அப்படியே சொல்கிறேன், ஒரு சொல்லும் சேர்க்கவில்லை.

"நான் வேற பேச்சு எழுதி வச்சிருந்தேன், அதைப் பேசப் போறதில்ல. இவ அப்பா சாகறப்ப இவ வரல. லீவு குடுத்தாங்க. வண்டி கூட நின்னுச்சு. ஏறி உக்காந்தவ எறங்கி உள்ள போயிட்டா. உள்ள முப்பத்தொரு பேரு கெடந்தாங்க. அதுல இருபத்தொன்பது பேரு அவங்கவங்க வீட்டுக்குத் திரும்பிப் போனாங்க. அதுக்காக நீங்க எல்லாரும் இவளுக்குக் கை தட்டலாம். நான் தட்ட மாட்டேன். எனக்கு இன்னும் கோபம் ஆறல. ஆனா இவ என் பொண்ணு. இவளைப் பத்தி இனிமே பொய் சொல்லவும் மாட்டேன், யாரையும் சொல்ல விடவும் மாட்டேன்."

உட்கார்ந்துவிட்டாள். ஒருவரும் கை தட்டவில்லை. எனக்குத் தலை குனிந்தே இருந்தது.

அப்போது எதிரில் டிரைவர் எழுந்தார். மகளைப் பார்த்து, "உன் கால் ஒடைஞ்சு ஆஸ்பத்திரியில கெடந்தியே, அப்ப எனக்கும் லீவு இருந்துச்சும்மா" என்றார். "எனக்குப் பதிலா ஓட்ட வேண்டியவன் அந்த ரோட்டுக்குப் புதுசு. அவனை நம்பி வண்டியை அனுப்ப மனசு வரல." அந்தப் பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். பிடித்த கையை விடவில்லை.

உடனே பக்கத்தில் சமையல்காரர் மெதுவாக, "நம்ம பெரியவன் பொறந்தப்ப..." என்று ஆரம்பித்தார். அவர் மனைவி சடாரென்று திரும்பினார். "என்ன? லீவு இருந்துச்சா? முப்பத்திரண்டு வருஷமா குடுக்கலைன்னு சொன்னீங்களே!"

"குடுத்தாங்க. அன்னைக்கு நானூறு பேருக்குச் சாப்பாடு. என் கூட இருந்தவனுக்கு உப்பு எவ்வளவு போடணும்னு தெரியாது."

"உப்பு! நான் உசுருக்குப் போராடிக்கிட்டு கெடந்தேன், இவரு உப்பு பாத்துக்கிட்டு இருந்தாராம்!" என்று அந்தம்மா கையிலிருந்த ரொட்டியாலேயே அவர் தோளில் அடித்தார். ஷெட் முழுக்கச் சிரிப்பு வெடித்தது. அந்தச் சத்தத்தைத்தான் நீ சண்டை என்று நினைத்துக் கரண்டியோடு ஓடிவந்தாய். அந்தம்மாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதன் பிறகு யாரும் யாரையும் கூப்பிடத் தேவைப்படவில்லை. மேஜைக்கு மேஜை எழுந்து நின்று, தங்கள் வீட்டுக்காரர்களிடம் சொல்ல வேண்டியதைச் சொன்னார்கள். ஒரு கல்யாணம், ஒரு தம்பியின் சாவு, ஒரு பரீட்சை. கேட்டவர்களில் சிலர் அழுதார்கள், சிலர் சண்டை பிடித்தார்கள். ஒரு தாத்தா தன் மனைவியிடம் இரண்டாவது தட்டு முடியும் வரை திட்டு வாங்கினார்.

கடைசியில் கேப்டன். "லீவுத் தாள்ல கையெழுத்துப் போடற இடத்துல நான் இருந்தேன். ஒருத்தனுக்குப் போடல. அவன் அம்மா முகத்தை அவன் பாக்கவே இல்ல. அவனைப் போய்ப் பாக்கணும்னு இருபது வருஷமா நெனச்சுக்கிட்டு இருக்கேன்" என்றார். அந்தக் கணீர்க் குரல் எங்கே போனது என்று தெரியவில்லை.

அம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே, "நெனச்சா ஆச்சா? போங்க. திட்டினா வாங்கிக்குங்க" என்றாள். "சரிம்மா" என்றார் கேப்டன், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி. நேற்றிலிருந்து அவர் வீடு பூட்டியிருக்கிறது. நாய்களை டிரைவர் வீட்டில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

எங்கேயாவது போய் உன் மன்றத்தைப் பற்றிப் பெருமை அடித்துக்கொள், உனக்கு உரிமை இருக்கிறது. இப்படி ஒரு சாயங்காலத்தை நான் பார்த்ததே இல்லை.

வீட்டுக் கதையும் கேள். நீ போன அன்று காலையில், அம்மா எனக்கு டீயை வைத்துவிட்டுக் கேட்டாள்.

"எத்தனை நாள் லீவு?"

"ரெண்டு நாள்மா."

டம்ளரை எடுத்துத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள். "எத்தனை நாள்?"

"பத்து நாள்."

"ம்" என்றாள். டம்ளர் திரும்பி வந்தது. "அப்ப அந்த மெத்தையைத் தூக்கு. வெயில்ல போடணும்." ஒரு முனையை அவள் பிடித்தாள், மறுமுனையை நான் பிடித்தேன். மாடிப் படியில் பாதி தூரம் ஏறியதும் நின்று மூச்சு வாங்கினாள். அப்போதுதான் முதல் தடவையாக என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"எளைச்சுப் போயிட்ட" என்றாள்.

உன் அக்கா